வகிட்டெரிச்சல்

நமைச்சல் மேலே இடது பக்கம் இருக்கிறது. இல்லை, இடது என்றும் சொல்லிவிட முடியாது, தோள்பட்டை எலும்புக்குக் கொஞ்சம் உள்ளே, நடுமுதுகை ஒட்டினாற்போல. தன் முதுகில் ஓர் இடத்தை இதுதான் என்று எவளால் சொல்ல முடியும், முதுகு என்பதே அடுத்தவர்கள் பார்ப்பதற்கென்று வைத்த இடம். முந்தாநாள் காலையில் இதே தோல் மருத்துவமனையின் உள்ளறையில் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, நர்ஸ் பெண் நான்கு சின்னச் சதுரங்களை ஒட்டினாள். ஒன்றில் தலைக்குப் போடும் மருந்து, ஒன்றில் குங்குமம், ஒன்றில் ஸ்டிக்கர் பொட்டின் பசை, ஒன்றில் தேங்காய் எண்ணெய். குளிக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது, வியர்க்கக் கூடாது. மதுரையில், சித்திரை மாதத்தில், வியர்க்கக் கூடாதாம். எந்தச் சதுரத்துக்கு அடியில் தோல் சிவந்திருக்கிறதோ அதுதான் என் வகிட்டைப் புண்ணாக்கியது என்று இன்றைக்குப் பிரித்துப் பார்த்துச் சொல்வார்கள். மருந்து என்றால் மருந்தை நிறுத்த வேண்டும், இத்தனை மாதமாக முளைத்ததெல்லாம் உதிர்ந்துவிடும். குங்குமம் என்றால் குங்குமத்தை நிறுத்த வேண்டும், பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் உட்கார்ந்திருக்கும் என் கணவர் பொன்னம்பலம் உதிர்ந்துவிடுவார். அவர் அப்படித்தான் நினைக்கிறார். வாயைத் திறந்து சொல்லமாட்டார், ஆனால் அப்படித்தான் நினைக்கிறார்.

எதிரே தொப்பி போட்ட ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ஏசி அறைக்குள் தொப்பி. தொப்பியைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று யார் இவனுக்குச் சொன்னது, தொப்பியைப் பார்த்துத்தானே எல்லோருக்கும் தெரிகிறது. அவனுக்கு மேலே சுவரில் ஒரு படம், முன்பு, பின்பு என்று இரண்டு தலை. முன்பு படத்தில் இருப்பவன் அழுதுவடிகிறான், பின்பு படத்தில் சிரிக்கிறான். முடி வந்ததால் சிரிக்கிறானா, சிரிக்கச் சொன்னதால் முடி வந்த மாதிரி இருக்கிறதா என்று யார் கண்டார். இரண்டு வேறு ஆட்கள் என்பதுதான் என் சந்தேகம், காது ஒட்டவில்லை. மூலையில் ஓர் அம்மாள் தன் மகளிடம் சின்ன வெங்காயச் சாற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் போட்டேன் தாயே. வெங்காயம், கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம், முட்டை, எங்கள் நாத்தனார் கோமளா சொன்ன ஆட்டுப்பால். வீட்டில் ஒரு ஓட்டலே நடத்தியிருக்கலாம், அத்தனையும் என் தலையில் போனது. கோமளாவுக்கு முழங்கால்வரை முடி, அதனால் அவளுக்கு எல்லாம் தெரியும். பணக்காரர்கள் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதுபோல முடி உள்ளவர்கள் முடியைப் பற்றிப் பேசுகிறார்கள். "மனசுல கவலைய வெச்சுக்காதீங்க அண்ணி, கவலப்பட்டாத்தான் கொட்டும்" என்றாள் போன மாதம். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு தொடுப்பு, இவளுக்குக் கவலையே இல்லையாம். கவலையால்தான் கொட்டுகிறதென்றால் அவள்தான் முதலில் மொட்டையாகியிருக்க வேண்டும். நமைச்சல் கொஞ்சம் கீழே நகர்ந்த மாதிரி இருக்கிறது. நகருமா? ஒட்டின சதுரம் நகராது, நமைச்சல் மட்டும் எப்படி நகரும்.

நர்ஸ் அன்றைக்கு என்ன சொன்னாள், அதை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். "மேல ரைட்ல குங்குமம்" என்றாள். யாருடைய ரைட்? அவளுக்கு எதிரில் நான் நின்றால் அவள் வலது எனக்கு இடது. ஆனால் நான் முதுகைக் காட்டிக்கொண்டுதானே இருந்தேன், அப்போது அவள் வலதும் என் வலதும் ஒன்று. ஒன்றுதானா? எங்கள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கைரேகை எடுக்கும் மேசையில் இருபத்துச் சொச்சம் வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், "இடது பெருவிரல், இடது" என்று நாள் முழுக்கக் கத்துகிறேன், வலதை நீட்டுகிறவர்களைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறேன், இப்போது என் சொந்த முதுகில் எனக்கு இடது வலது தெரியவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்தால் எல்லோருடைய உச்சந்தலையும் தெரியும். விரலை வைக்கக் குனியும்போது நிலம் விற்கிறவன், வாங்குகிறவன், சாட்சி, எல்லாத் தலையும் என் மூக்குக்கு நேரே வரும். வழுக்கை, அரை வழுக்கை, மையைத் தடவிய வழுக்கை, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குச் சீவிவிட்ட வழுக்கை. ஆண்களின் உச்சியைப் பார்த்து மனதுக்குள் சிரித்தே என் காலம் ஓடிவிட்டது. பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவருக்கு வழியனுப்பு விழா, மாடிப்படியில் நின்றுகொண்டு ஒரு தடியன் போட்டோ எடுத்தான். கீழே முதல் வரிசையில் ஒரு பெண், உச்சந்தலையில் வகிடு அகன்று வெள்ளையாக, மாட்டு வண்டி போகலாம் போல. யாரிது என்று ஒரு நிமிடம் பார்த்தேன். என் புடவை.

அன்றிலிருந்துதான் குங்குமம் அதிகமானது. இதை யாரிடமும் சொன்னதில்லை. நெற்றியில் வகிடு தொடங்கும் இடத்தில் ஒரு பொட்டாக வைத்துக்கொண்டிருந்தவள், உச்சிவரை நீளமாக இழுத்து அப்ப ஆரம்பித்தேன். வெள்ளைத் தோலைச் சிவப்பு மறைத்தது, அவ்வளவுதான். ஆனால் ஊர் என்ன நினைத்தது? மரகதவல்லி அம்மாவுக்கு எவ்வளவு பக்தி! "உங்களப் பாத்தாலே கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கும்மா" என்றாள் எங்கள் அலுவலகக் கணினிப் பெண் திலகா. அவள் வளைகாப்பில் முதல் வளையல் என்னைப் போடச் சொன்னார்கள், இத்தனை மங்களகரமான கை வேறு இல்லையாம். மங்களமும் இல்லை மண்ணும் இல்லை, வழுக்கை. முடி கொட்டக் கொட்ட என் மரியாதை ஏறியது. இந்த ஜனங்களின் பக்தியைப் பற்றி அன்றைக்கு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று. இருந்தாலும் திலகாவின் கையில் வளையல் போட்டபோது சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் குனிந்து பார்த்தபோது அழுதேன், அதையும்.

அப்புறம்தான் இந்த டாக்டர். நிவேதனா என்று பெயர், முப்பது வயது இருந்தால் அதிகம், தலையில் அத்தனை முடியை வைத்துக்கொண்டு அதை ஏனோதானோவென்று ஒரு கிளிப்பில் சுருட்டிப் போட்டிருக்கிறாள். இருக்கிறவர்களுக்குத்தான் அந்த அலட்சியம் வரும். மினாக்சிடில், இரண்டு சதவீதம், ராத்திரி வகிட்டில் விட்டு விரலால் தடவ வேண்டும். முதலில் ரத்தக் கொதிப்புக்குக் கண்டுபிடித்த மருந்தாம், சாப்பிட்டவர்களுக்கு எல்லாம் கண்ட இடத்தில் முடி வளர்ந்ததாம், உடனே தலைக்குத் தடவக் கொடுத்துவிட்டார்கள். ஆசைப்பட்டு வந்த பலன்கூட இல்லை, பக்கவிளைவையே பலனாக்கி விற்கிறார்கள். "மொதல்ல கொஞ்சம் கூடக் கொட்டும், பயந்து நிறுத்திடாதீங்க" என்றாள். கொஞ்சமா? சீப்பில், தலையணையில், சோற்றில். பொன்னம்பலம் ரசத்திலிருந்து ஒன்றை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தலைத்தோல் காய்ந்து மாவு மாதிரி உதிர்ந்தது. காதோரத்தில், கன்னத்தில் பூனைமுடி வந்தது, பியூட்டி பார்லரில் நூல் வைத்து இழுத்தவள் "ஹார்மோன் பிராப்ளமாக்கா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். வரவேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் வருகிறது என்று டாக்டரிடம் போய்க் கத்தினேன். "பொறுமையா இருங்கம்மா, பழைய முடி போனாத்தான் புதுசு வரும்." சில நாள் மருந்து போட்டுப் படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மருந்தா பயமா என்று தெரியாது, ரத்தக் கொதிப்பு மருந்தல்லவா, ரத்தத்தில் இறங்கிவிட்டதோ என்று நாடியைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன், பக்கத்தில் நிஜமாகவே நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வாள். அதற்குள் முடி வர ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் காலையில் வகிட்டை ஒட்டி, இரண்டு பக்கமும், குட்டிக் குட்டியாக, நட்டுக்கொண்டு நின்றது. சீவினால் படியவில்லை, எண்ணெய் வைத்தாலும் படியவில்லை. திமிர் பிடித்த முடி. அதை விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை, மயிர் முளைத்ததற்கு இப்படியா என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன், அப்புறம் மறுபடி தடவிப் பார்த்தேன்.

பேப்பர் திரும்புகிற சத்தம். அதே பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வகிடு எரிய ஆரம்பித்தபோது, சிவந்து, பொரிப்பொரியாகி, நீர் கசிந்து, மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி எரிந்தபோது டாக்டர் சொன்னாள், "மருந்துல இருக்கற ஒரு திரவம் சிலருக்கு ஒத்துக்காது, இல்லன்னா குங்குமத்துல கலக்கற சாயமா இருக்கும், ரெண்டையும் நிறுத்துங்க, ஆறட்டும், அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்." ரெண்டையும் என்ற வார்த்தையைக் கேட்டதும் இந்த மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இவர் யார் தெரியுமா, கல்லூரியில் கறுப்புச் சட்டை. கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்ற மாட்டேன் என்று நின்றவர். "குங்குமம் வெச்சாத்தான் புருஷன் உசுரோட இருப்பான்னா ஆஸ்பத்திரிய எல்லாம் இழுத்து மூடிரலாமே" என்று என் அப்பாவின் முகத்துக்கு நேரே கேட்டு அவரை அழவைத்தவர். மின்வாரியத்தில் சங்கக் கூட்டத்தில் மூட நம்பிக்கை பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார், நான் வீட்டில் சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஒரு குழாயை விட்டு அடைப்பை எடுத்தார்கள், அன்றோடு சித்தாந்தமும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. தினம் காலையில் காபி கொடுக்கப் போனால் கண் என் முகத்துக்கு வராது, வகிட்டுக்குப் போகும். சிவப்பு இருந்தால் காபியை வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்வார், ஆனால் கை கொஞ்சம் நேரம் எடுக்கும். குங்குமத்தை நிறுத்தின இந்த நாட்களில் மாத்திரைப் பெட்டியை இரண்டு தரம் சரிபார்க்கிறார், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறார். ஒரு நாள், "நெத்தியில மட்டுமாச்சும் வெச்சுக்கலாமுல்ல, நெத்தியில ஒண்ணும் புண்ணு இல்லையே" என்றார், பேப்பருக்குப் பின்னாலிருந்து. கேவலமாக இருந்தது எனக்கு. ஏன்யா, என் தலைத்தோலில் தொங்குகிறதா உன் உயிர்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

எதற்கு வளைத்துக்கொண்டு. நான் செய்தது இதுதான். "டெஸ்டுக்கு வரும்போது நீங்க யூஸ் பண்ற மருந்து, குங்குமம் எல்லாத்தயும் அப்படியே கொண்டுவாங்க" என்றாள் டாக்டர். கிளம்புகிற அன்று காலையில், மருந்துப் பாட்டிலிலிருந்ததைப் பழைய பன்னீர் பாட்டிலில் ஊற்றிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். மருந்துப் பாட்டிலை நன்றாக அலசி, காய்ச்சி ஆறின தண்ணீரை ஊற்றி மூடினேன். மருந்தும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், எவளுக்குத் தெரியப்போகிறது. நர்ஸ் மூடியைத் திறந்து ஒரு சொட்டைச் சதுரத்தில் விட்டாள், மோந்துகூடப் பார்க்கவில்லை. இவர்கள் படித்த படிப்பு இவ்வளவுதான். தண்ணீருக்கு என் தோல் சிவக்காது. ஆகவே மருந்து தப்பித்தது. குங்குமம் மாட்டிக்கொள்ளும், அது மாட்டத்தான் வேண்டும், கடையில் சாயத்தையும் மாவையும் கலந்து விற்கிற கழிசடை. எரிந்தது குங்குமம்தான் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அப்படியென்றால் ஏன் தண்ணீரை ஊற்றினாய் என்று ஒரு குரல் கேட்கிறது, கோமளாவின் குரல் மாதிரி இருக்கிறது, போடீ. ஒரு பாதுகாப்புக்கு. டெஸ்ட்டெல்லாம் தப்பாகக் காட்டுவதில்லையா, மருந்து அநியாயமாக மாட்டிக்கொண்டால்? இப்போது நமைச்சல் எந்தப் பக்கம் என்று ஆராய வேண்டியதே இல்லை. தண்ணீர் நமைக்காது. தேங்காய் எண்ணெய் பிறந்ததிலிருந்து போடுகிறேன். ஸ்டிக்கர் பொட்டு நெற்றியில் ஒரு நாளும் அரித்ததில்லை. ஆகவே நமைப்பது குங்குமம், ஆகவே இது வலது பக்கம். இடது மாதிரி தோன்றினாலும் வலது. நமைக்கட்டும், நன்றாக நமைக்கட்டும், தோல் உரிந்து வரட்டும். அப்புறம் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கோயிலில் விற்கும், மஞ்சளில் அரைத்த குங்குமம் வாங்கலாம், இல்லாவிட்டால் இவருக்காகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஏமாற்றினால் என்ன, ஊரையே ஏமாற்றியவள்தானே.

"மரகதவல்லி அம்மா, வாங்க."

இவரும் கூடவே எழுந்தார். கூப்பிட்டார்களா இவரை? திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார், செருப்பு மட்டும் கீழே தெரிகிறது. நான் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நர்ஸ் பிளாஸ்டரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏசிக் காற்று பட்டது. டாக்டரின் விரல், குளிர்ச்சியாக, ஓரிடத்தில் அழுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போனது. டார்ச் விளக்கு. ஏன் இத்தனை நேரம் ஆகிறது, சிவந்ததைச் சிவப்பு என்று சொல்ல என்ன யோசனை. "ம்" என்றாள். அப்புறம் இன்னொரு "ம்". எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, இப்போது மருந்தும் இல்லை, சும்மாவே அடிக்கிறது.

"எல்லாமே க்ளீன்மா" என்றாள்.

"எல்லாமேன்னா?"

"குங்குமம் நெகட்டிவ். மருந்தும் நெகட்டிவ். பொட்டு, எண்ணெய், எதுலயும் ரியாக்‌ஷன் இல்ல. நல்ல செய்திதான?"

"இல்ல டாக்டர், அரிக்குதே, மேல, அந்த..."

"அது பிளாஸ்டர் அரிக்கும்மா, எல்லாருக்கும் அரிக்கும். ஓரம் பூரா லேசா சிவந்திருக்கு, சாயங்காலத்துக்குள்ள போயிரும்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது மாதிரி அத்தனை நீளம். "அப்ப குங்குமம் வெக்கலாமுங்களா டாக்டர்?" என்கிறார். என் முதுகு திறந்து கிடக்கிறது, இவருக்குக் குங்குமம். "தாராளமா சார்" என்கிறாள் அவள். நான் கொக்கியை மாட்டிக்கொண்டிருக்கிறேன், விரல் சிக்குகிறது, ஒரு கொக்கி மாட்டினால் இன்னொன்று கழன்றுகொள்கிறது. குங்குமம் இல்லை. பசை இல்லை. எண்ணெய் இல்லை. தண்ணீர், தண்ணீர் எப்படி இருக்கும். மிச்சம் ஒன்றே ஒன்றுதான், அது என் புடவைக்கு அடியில் பன்னீர் பாட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. இந்த அறையில் இத்தனை படித்தவர்கள் இருந்தும் டெஸ்டின் முடிவு தெரிந்தவள் நான் ஒருத்திதான். மருந்துதான். என் வகிட்டை எரித்தது, நீர் வடியவைத்தது எல்லாம் அதுதான், அந்தத் திமிர் பிடித்த குட்டி முடிகளை நிற்கவைத்ததும் அதுவேதான். சொல்லிவிடலாம். டாக்டர், அதுல இருந்தது தண்ணி. நாலு வார்த்தை. சொன்னால் இந்தச் சின்னப் பெண் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான் ஆயுசு முழுக்க எல்லாரையும் பார்த்த பார்வை. அப்புறம் நிறுத்தச் சொல்வாள், இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் கொட்டி, பழைய மாட்டு வண்டித் தடம்.

"அப்ப எனக்கு ஏன் எரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"வெயில், வியர்வை, ஏதாவது ஷாம்பு. அதான் ஆறிருச்சே." அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். "உண்மையச் சொன்னா எனக்குச் சந்தோஷம்மா. மருந்து உங்க தோலுக்கு இவ்வளவு நல்லா ஒத்துக்கிது, ரிசல்ட்டும் வருது. இனி ரெண்டு பெர்சன்ட் எதுக்கு? அஞ்சு போட்டுரலாம். சீக்கிரம் அடர்த்தியாகும். என்ன சொல்றீங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நல்ல பெண்தான், என்னை நம்பியதைத் தவிர வேறு தப்பு ஒன்றும் செய்யவில்லை. தலையிலிருந்து ஒரு கற்றை கிளிப்பை விட்டுக் கழன்று கன்னத்தில் விழுந்திருந்தது, அதை ஒதுக்கக்கூட இல்லை.

"சரி டாக்டர்" என்றேன்.

கீழே மருந்துக் கடையில் இவர் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கடைக்காரர் எடுத்து வைத்த பாட்டிலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேலே எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு இந்த முகத்தில் இத்தனை ரத்தம் ஓடி நான் பார்த்ததில்லை. சாகப் பயந்தவன் என்று எத்தனை நாள் மனதுக்குள் வைதிருக்கிறேன், இப்போதும் வையலாம், வசவு எல்லாம் தயாராகத்தான் இருக்கிறது. இவர் பாட்டிலைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தார். வகிட்டை அல்ல, அதன் இரண்டு பக்கத்தையும்.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். "நான்தான் இத்தன நாளு சரியாப் பாக்கல."

இந்த வார்த்தைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன், சனியன், இப்போதா வர வேண்டும்.

"உனக்குப் பின்னால தெரியாதுல்ல, கண்ட எடத்துல விட்டுருவ. இனிமே ராத்திரி நானே போட்டு விடறேன். டாக்டர் சொன்ன மாதிரி நல்லா அழுத்தித் தேய்ச்சு விடறேன்."

"சரிங்க."

"எரிஞ்சா மட்டும் சொல்லிரு, என்ன?"

"எரியாதுங்க" என்றேன்.